சவானாவில் ஒரு தற்செயல்

நயாகரா நீர்வீழ்ச்சியைத் தவிர வேறெதையும் பார்க்கத் தகுந்த இடமென்று எங்கள் வீட்டார் ஒத்துக்கொண்டதில்லை. ஊரிலிருந்து யார் வந்து இறங்கினாலும் அடுத்த சனிக்கிழமை நயாகராதான். பின்சீற்றில் நாலு பேர், மடியில் புட்டுச் சட்டி, விழுகிற தண்ணீருக்கு முன்னால் வரிசையாக நின்று ஒரு படம், கார் தரிப்பிடத்தில் சாப்பாடு, இருட்டுவதற்குள் ஸ்காபரோவில் எங்கள் வீடு. ரொறன்ரோவிலேயே பழைய கோட்டை இருந்தது, அரண்மனை மாதிரி ஒரு வீடு இருந்தது. பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போய்க் காட்டியிருந்தார்கள். அப்பாவிடம் சொன்னால், "உதுகளைப் பார்த்து என்ன செய்யிறது?" என்பார்.

ஆகவே எனக்கு ஒன்பது வயதான கோடையில், பக்டரிகள் விடுமுறைக்கு மூடும் இரண்டு கிழமைக்கு நாங்கள் எல்லோரும் அமெரிக்காவின் தெற்கே சவானா என்ற பழைய நகரத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று அப்பா சோற்றைக் குழைத்தபடி அறிவித்தபோது எனக்குப் புரையேறிவிட்டது.

"ஏனப்பா அங்கை?"

"பழைய ஊர். சரித்திரம் இருக்கு."

"என்ன சரித்திரம்?"

"போனாத் தெரியும்தானே. உனக்கேன் உந்த விடுப்பு?"

விடுப்பு என்றால் எங்கள் பேச்சில் அடுத்தவர் காரியத்தை அறிகிற ஆவல். வீட்டில் என் பட்டப்பெயரே விடுப்புராணிதான். அன்றைக்கு அந்தப் பட்டத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா? மறுநாளே பிளாசாவுக்குப் பின்னால் இருந்த நூலகத்துக்குப் போய் அந்த ஊரின் படம் போட்ட புத்தகமொன்றைக் கண்டுபிடித்து எடுத்துவந்தேன். பெரிய பெரிய ஓக் மரங்கள். அவற்றின் கிளைகளில், யாரோ கிழிந்த மீன்வலைகளைக் காயப்போட்டுவிட்டு மறந்துபோனதைப் போல, சாம்பல் நிறத்தில் ஏதோ தொங்கியது. அதைப் பார்த்ததும் எனக்குப் போகத்தான் வேண்டும் என்றாகிவிட்டது. ஆனாலும் அப்பாவுக்கு எப்படி அந்த ஆசை வந்தது என்பது விளங்கவில்லை.

அம்மா பெட்டி அடுக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்தேன். ரைஸ் குக்கர், மிளகாய்த்தூள், ஊறுகாய்ப் போத்தல் இவையெல்லாம் சரி. பிறகு சின்னம்மாவின் மாம்பழ நிறக் காஞ்சிபுரம் சேலை உள்ளே போனது.

"இது எதுக்கம்மா?"

"இரவிலை குளிரும்."

ஆகஸ்ட் மாதம் ஜோர்ஜியாவில் குளிருமா என்று நான் புத்தகத்தைத் திறப்பதற்குள், வாசலில் நின்ற சின்னம்மா வந்து, அம்மா அவசரமாகத் திணித்த சேலையை வெளியே எடுத்து, அழகாக மடித்துத் திரும்ப வைத்துவிட்டுப் போனார். ஒன்றும் கேட்கவில்லை.

சின்னம்மா அம்மாவின் தங்கை. இலங்கையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்து எங்களோடு இருந்தார். குளிர்காலக் கோட்டுகள் தைக்கும் ஒரு பக்டரியில் வேலை. வயது முப்பதுக்குக் கிட்ட. அந்த வயதில் கல்யாணமாகாமல் ஒரு தங்கை வீட்டில் இருந்தால் அம்மாவுக்கு நித்திரை வராது, வரவும் இல்லை. முந்தைய வருடம் ஒரு மாப்பிள்ளை வீட்டார் எங்கள் அப்பார்ட்மெண்டுக்கு வந்து, சின்னம்மா தட்டில் கொண்டுவந்து வைத்த பற்றீசையும் கேக்கையும் சாப்பிட்டு, "யோசிச்சுச் சொல்லுறம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இன்றுவரை யோசிக்கிறார்கள். அவர்கள் வேண்டாமென்றது எங்களுக்குத் தெரிவதற்கு முன் கோயிலில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து சின்னம்மா ஒரே பிடி.

"இனி ஒருத்தற்றை முன்னாலையும் தட்டோட வரமாட்டன். என்னைக் கேட்காதேங்கோ அக்கா."

இவ்வளவு சொன்ன பிறகு உங்களுக்கு விளங்காமல் இருக்காது. நாங்கள் போனது பொம்பிளை காட்ட. அந்த ஊர்த் துறைமுகத்தில் எஞ்சினியராக இருந்த ஒருவருடைய அக்கா ஸ்காபரோவில் இருந்தார்; கோயிலில் பழக்கமானவர் என்பதால் நான் அவரைக் கோயில் அன்ரி என்பேன். சாதகக் குறிப்பு நன்றாகப் பொருந்தியிருந்தது. தட்டோடு வரமாட்டேன் என்ற பெண்ணை எப்படிக் காட்டுவது? அதற்கு யாழ்ப்பாணத்தில் காலங்காலமாக ஒரு வழி உண்டு. தற்செயல். பெண் கோயிலுக்குப் போவாள். மாப்பிள்ளையும் கும்பிட வருவான். கோயில் வீதியில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும், "நீங்களும் வந்தனியளோ" என்று ஆளையாள் பார்த்து அதிசயிப்பார்கள். பிடித்தால் மேலே பேச்சு. பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை, பெண்ணுக்கு ஒரு சொல்லும் வராது. ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்கள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு பொய்தான், ஆனால் அதற்கு ஆயிரம் மைல் ஓடவேண்டியிருந்தது.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. சின்னம்மாவுக்கும் தெரியாது என்றுதான் அம்மாவும் அப்பாவும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாள் ஓட்டம். இடையில் ஒரு மோட்டலில் அம்மா குளியலறை பிளக்கில் ரைஸ் குக்கரைக் குத்திச் சோறு வைத்தார். நீச்சல் குளத்தின் விளிம்பில் சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு கால்களைத் தண்ணீரில் விட்டபடி இருந்து அதைச் சாப்பிட்டார். அம்மா அப்படிக் காலாறி நான் கண்டதேயில்லை. தெற்கே போகப்போக வெக்கை கூடியது. தெருவோரம் ஒரு மனிதர் பெரிய கிடாரத்தில் எதையோ அவித்துக்கொண்டிருந்தார். "அத்தான், நிப்பாட்டுங்கோ" என்று சின்னம்மா கத்தினார். அவிச்ச கச்சான். நிலக்கடலையை உப்புத் தண்ணீரில் கோதோடு அவித்தது. கனடாவுக்கு வந்து அதைக் கண்ணால் கண்டிருக்கவில்லை. விரல் சுட, சின்னம்மா ஒவ்வொன்றாக உடைத்து என் வாயிலும் தன் வாயிலும் மாறி மாறிப் போட்டார். இந்த வெள்ளைக்காரர்களுக்கு இதை யார் பழக்கியது என்று நான் கேட்டேன். எல்லோர் வாயிலும் கச்சான்.

சவானாவுக்குப் போன அன்று பின்னேரமே சந்திப்பு. தொலைபேசியில் பேசி வைத்திருந்தது இதுதான்: நாலு மணி, நடுவில் சிலை நிற்கிற சதுக்கம், பக்கத்தில் ஒரு தேவாலயம். கோயில் அன்ரி முன்கூட்டியே போய்த் தம்பி வீட்டில் நின்றார். நாங்கள் அங்கே ஒரு வாங்கில், அதாவது பெஞ்சில், இருப்போம், அவர்கள் அந்தப் பக்கமாக வருவார்கள், எல்லோரும் அதிசயிப்போம்.

நல்ல திட்டம்தான். ஒரு ஊருக்கு ஒரு பெரிய கோயில், கோயிலுக்கு ஒரு வீதி என்று பழகிய ஆட்கள் போட்ட திட்டம். சவானாவில் அப்படியான சதுக்கங்கள் இருபதுக்கு மேல். எல்லாவற்றுக்கும் நடுவில் யாரோ ஒருவர் வாளோடோ தொப்பியோடோ நிற்கிறார். எல்லாவற்றைச் சுற்றியும் அதே ஓக் மரம், அதே வலை, அதே வாங்கு, இரண்டு தெரு தள்ளி ஒரு தேவாலயம். அப்பா முதல் சதுக்கத்தில் எங்களை இருத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தெரு முடிவில் இன்னொரு சிலை தெரிந்தது. அப்பாவின் முகம் மாறியது.

யாரிடமும் கேட்கவும் முடியாது. கேட்டால் தற்செயல் என்ன ஆவது?

"கார் நிப்பாட்டின மீற்றருக்குக் காசு போட்டிட்டு வாறன்" என்று அப்பா போனார். வேர்த்துக் களைத்து வந்தார். மறுபடியும் மீற்றர் என்றார். இன்னொரு முறையும் போனார்.

"அக்கா, அத்தான் என்ன, மீற்றருக்குச் சோறு தீத்துறாரோ?" என்றார் சின்னம்மா. முகத்தில் சிரிப்பு இல்லை.

அம்மா, "வெக்கைக்கை கதையாதை" என்று விசிறினார்.

சின்னம்மா அந்த மாம்பழ நிறச் சேலையில் இருந்தார். ஊர் பார்க்க வந்தவர்கள் சிலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். ஒரு வயதான பெண்மணி வந்து, தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுத் தலைப்பைத் தடவினார். குதிரை வண்டிக்காரர் தொப்பியைக் கழற்றினார். எனக்கோ அந்தக் குதிரையின் வாலை யார் பின்னிவிட்டது என்று உடனே அறியவேண்டும். நான் எழும்பி நடக்க, "நான் பார்த்துக்கொள்ளுறன்" என்று சின்னம்மாவும் என் பின்னால் வந்தார். அம்மாவால் மறிக்க முடியவில்லை; செருப்புக் கடித்துக் கால் வீங்கியிருந்தது.

குதிரை வேகமாகப் போய்விட்டது. நாங்கள் அடுத்த சதுக்கத்துக்குப் போய்விட்டோம்.

அங்கே ஒரு வாங்கில் ஒருவர் தனியாக இருந்தார். கழுத்துவரை பொத்தான் பூட்டிய நீளக்கைச் சட்டை, ரை. மடியில் கடதாசிப் பையோடு அவிச்ச கச்சான். நான் நேரே போய்க் கேட்டேன்.

"நீங்கள் தமிழோ?"

அவர் திடுக்கிட்டு எழும்ப, கச்சான் கோதெல்லாம் புல்லில் கொட்டியது. "ஓம் பிள்ளை. எப்பிடிக் கண்டுபிடிச்சனீர்?"

"லீவு நாளிலும் பொக்கற்றிலை பேனை குத்தியிருக்கிறியள்."

அவர் பேனையைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார். சின்னம்மா நின்றார். பிறகு அவர் வாங்கின் ஓரத்துக்குத் தள்ளி, பையை நடுவில் வைத்து, "எடுங்கோ, சூடாத்தான் இருக்கு" என்றார். சின்னம்மா இருந்தார்.

"கனநேரமா இருக்கிறியளோ?"

"நாலு மணியிலையிருந்து. அக்கா ஒரு சதுக்கத்திலை காவல். என்னை மற்றதுகளைப் பார்த்துவரச் சொன்னவ. ஒவ்வொண்டிலையும் தற்செயலாத்தான் நிண்டு பார்த்தனான்."

சின்னம்மா சிரித்தார். அப்படியொரு சிரிப்பை அவரிடம் அதற்கு முன் நான் கேட்டதில்லை. வாயைப் பொத்தினார், அடங்கவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்தார், அதற்கும் அடங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்கட அத்தான் மீற்றரும் கையுமாத் திரியிறார்" என்று சொல்லி மீண்டும் சிரித்தார். அவரும் சிரித்தார். என்ன பகிடி என்று தெரியாமல் நானும் சிரித்தேன்.

அவர் அந்த ஊரைப் பற்றிச் சொன்னார். கட்டியவர்கள் வீடுகளுக்கு முன்னமே வெளிகளைத்தான் அளந்து விட்டார்களாம். மரத்தில் தொங்குவதை வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது, அதற்குள் கடிக்கிற பூச்சி இருக்கும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் ஏற்கெனவே கொஞ்சம் பொக்கற்றுக்குள் வைத்திருந்ததை மெல்ல எடுத்துப் போட்டேன். பிறகு சின்னம்மாவின் வேலையைப் பற்றிக் கேட்டார். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எவ்வளவு சம்பளம் என்று கேட்பார்கள். இவர் கோட்டுக்குக் கொலர் எப்படி வைக்கிறது என்று கேட்டார். சின்னம்மா தன் தலைப்பை மடித்து, இப்படித் திருப்பி, இப்படி இழுத்து என்று செய்து காட்டினார். கோடையில்தான் கம்பளிக் கோட்டுத் தைக்கிறது, அந்தப் பஞ்சு வேர்வையில் ஒட்டும் என்றார். அவர் கையைக் கன்னத்தில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஓர் அணிலோடு கச்சான் பங்கு பிரித்தேன்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தியது கேட்டது. குரல் தாழ்ந்தால் நான் கிட்ட வருவேன், அது என் குணம்.

"உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும். சொல்லாமல் விட்டா நான் மனுசனில்லை."

பர்சிலிருந்து ஒரு படம் எடுத்தார். நான் இருவருக்கும் நடுவில் தலையை விட்டேன். ஒரு வீட்டின் படிக்கட்டில் மஞ்சள் சட்டை போட்ட கறுப்பினப் பெண்ணொருவர். அவர் மடியில் சுருட்டை முடியோடு ஒரு குழந்தை, வாய் முழுக்கச் சிரிப்பு.

"ஆர் இது?" என்றேன்.

"என்ர மனுசி. மற்றது மகள்." பிறகு சின்னம்மாவிடம், "கல்யாண எழுத்து முடிஞ்சு ரெண்டு வருசம். அக்காவுக்குத் தெரியாது. அம்மா ஊரிலை தனிய. ஒவ்வொரு நாளும் செல்குண்டு விழுகுது. அக்காவுக்குச் சொன்னா அடுத்த கிழமை அம்மாவுக்குப் போயிடும். அவ இதைத் தாங்கமாட்டா எண்டு பயம்."

சின்னம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் உடைத்த கச்சான் உடைத்தபடி இருந்தது.

"அவையள் இப்ப எங்கை?"

"அவளின்ரை தாய் வீட்டை. அக்கா நிக்கிற வரைக்கும்."

"மனுசியையும் பிள்ளையையும் சொந்த வீட்டாலை எழுப்பிவிட்டிட்டோ இஞ்சை வந்து இருக்கிறியள்? இது பெரிய பிழை, கேட்டியளோ."

"தெரியும்" என்றார் அவர். தலையை நிமிர்த்தவில்லை. கொஞ்சம் பொறுத்து, "நான் வேண்டாமெண்டு சொன்னா உங்களிலைதான் குறை வைப்பினம். அது எனக்கு விருப்பமில்லை. நீங்களே என்னை வேண்டாமெண்டு சொல்லுங்கோ. என்ன குறையெண்டாலும் சொல்லுங்கோ" என்றார்.

"சரி. நான் சொல்லுறன். ஆனா நீங்கள் கெதியா அக்காட்டைச் சொல்லிப்போடவேணும். அது ஒளிச்சு வைக்கிற பிள்ளையில்லை."

சின்னம்மா படத்தை அவரிடம் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் விரலில் இருந்த உப்புத் தண்ணீர் பட்டுவிட்டதோ என்று தலைப்பால் துடைத்தார்.

கறுப்பினப் பெண்ணைக் கட்டினவனைப் பற்றி அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் என்ன பேசுவார்கள் என்பதை எழுத எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது. நாங்கள் என்ன நிறம் என்பது அந்த நேரங்களில் ஒருவருக்கும் நினைவுக்கு வராது. ஆனால் எனக்கு அன்று இதொன்றும் தெரியாது. வழியில் கண்ட நல்ல அங்கிள் ஒருவர், அவருக்கு வடிவான ஒரு குழந்தை, அவ்வளவுதான். சின்னம்மா எதை வேண்டாமென்று சொல்லப்போகிறார் என்பது மட்டும் விளங்கவில்லை. திரும்பி நடக்கும்போது கேட்டேன். சின்னம்மா ஒரு வீட்டின் இரும்புக் கிராதியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சரியான வெக்கை" என்றார். பிறகு எனக்கு முன்னால் குந்தி இருந்து, தோளைப் பிடித்தார்.

"நாங்கள் அவரைக் காணேல்லை. அந்தப் படத்தையும் காணேல்லை. விளங்குதோ?"

"ஏன்?"

"நீ விடுப்புராணியெண்டு எனக்குத் தெரியும். இந்த ஒருக்கா எனக்காக வாயை மூடிக்கொண்டிரு, என்ர குஞ்சு."

நான் சத்தியம் பண்ணினேன்.

திரும்பி வந்தபோது அம்மாவும் அப்பாவும் வாடிப்போய் இருந்தார்கள். ஆனால் மோட்டலுக்குப் போனதும் அப்பா காசு மாற்றுவதற்கென்று வெளியே போய்த் தொலைபேசி எடுத்திருக்க வேண்டும். வந்தவர் உற்சாகமாக, "இண்டைக்கு வெளியிலை சாப்பிடுவம்" என்றார். அப்பா வாயிலிருந்து அந்த வசனம் அதற்கு முன் வந்ததில்லை.

ஆற்றங்கரையில், கருங்கல் பதித்த தெருவில், பழைய பருத்திக் கிட்டங்கியொன்றைச் சாப்பாட்டுக் கடையாக்கியிருந்தார்கள். யன்னலுக்கு வெளியே கப்பல்கள் போயின. அவ்வளவு கிட்ட, தெருவோடு ஒரு மாடிக்கட்டடம் நடந்து போவது போல. நாங்கள் இருந்து தண்ணீர் குடிக்கவில்லை, வாசலில் கோயில் அன்ரி தோன்றினார். அவருக்குப் பின்னால் அந்த அங்கிள்.

"அட, இதார், நீங்களோ" என்றார் அம்மா. "என்ன அதிசயம். உலகம் எவ்வளவு சின்னன் பாருங்கோ" என்றார் அன்ரி. அப்பா மிகவும் அதிசயித்தார். அவருக்கு நடிப்பு வராது, ஆகவே இரண்டு முறை அதிசயித்தார். நானும், "அங்கிள்" என்று வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே சின்னம்மாவின் கால் என் காலை மிதித்தது. நான் சோளமாவில் பொரித்த உருண்டையொன்றை எடுத்து வாய்க்குள் தள்ளினேன். எங்கள் வாய்ப்பன் பலகாரம் போல நன்றாகத்தான் இருந்தது.

அந்த ஊர்ச் சாப்பாட்டைப் பார்த்து அம்மா வாயடைத்துப்போனார். நண்டு, இறால், தக்காளி போட்ட சிவப்புச் சோறு, குழம்பாக வெண்டிக்காய். "இவையள் எங்கட ஆக்கள் மாதிரியல்லோ சமைக்கினம், தூள்தான் காணாது" என்றார். அன்ரி சின்னம்மாவை மேலும் கீழும் பார்த்தபடி கேள்விகள் கேட்டார். எத்தனை மணிக்கு எழும்புவீர், ஒடியல் கூழ் வைக்கத் தெரியுமோ, பாட்டுப் படிச்சனீரோ. சின்னம்மா எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னார். ஓர் அவிச்ச நண்டை ஓட்டைச் சிதறவிடாமல் உடைத்துச் சதையை என் தட்டில் வைத்தார். அங்கிள் தட்டைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. இரண்டு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அம்மாவும் அன்ரியும் கை கழுவப் போய்த் திரும்பி வந்தபோது அம்மாவின் முகம் விளக்குப் போல இருந்தது.

மோட்டலில் கதவைச் சாத்தியதும் அம்மா எல்லாவற்றையும் சின்னம்மாவுக்கு உடைத்துச் சொன்னார். சதுக்கம், தற்செயல், குறிப்பு எல்லாம். "அவையளுக்குப் பூரண திருப்தி. உன்னைப் பார்த்த உடனே பிடிச்சிட்டுது. அன்ரி என்ர கையைப் பிடிச்சுச் சொன்னவ" என்றார்.

சின்னம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தார். "எனக்குப் பிடிக்கேல்லை அக்கா" என்றார்.

"என்ன?"

"வேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ."

"என்ன குறை? படிப்பில்லையோ, உத்தியோகமில்லையோ? ஒரு குறை சொல்லு பார்ப்பம்."

சின்னம்மா யோசித்தார். "அவர் கனக்கக் கதைக்கிறார்" என்றார்.

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். "மனுசன் சாப்பிட மட்டும்தானே வாய் துறந்தது" என்றார் அப்பா. சின்னம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினார். நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன்.

சவானாவில் ஒரு கிழமை நிற்பதாக இருந்தோம். மறுநாள் காலையே புறப்பட்டுவிட்டோம். கடற்கரையும் பார்க்கவில்லை, கோட்டையும் பார்க்கவில்லை. அம்மா ஜோர்ஜியாவில் தொடங்கினார். இரண்டு கரோலைனாவும் வேர்ஜினியாவும் கழிந்தும் முடியவில்லை. உனக்கு ராசகுமாரன் வருவானோ, அம்மாவுக்கு நான் என்ன பதில் எழுதுறது, உன்னால கோயில் பக்கம் தலைகாட்டேலாது. இடையில் அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்கினார். அப்பா ஒரே ஒரு முறை, "ஆயிரம் மைல்" என்றார். சின்னம்மா யன்னலோரம் இருந்து மரங்களைப் பார்த்தார். நான் அவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தேன். அவருக்காக ஏதோ ஒன்றைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்குப் பெருமை, அது என்ன என்று மட்டும் தெரியாது.

பெற்றோல் நிலையக் கழிப்பறையில் என் முகத்தைக் கழுவிவிடும்போது கேட்டேன். "அந்த அங்கிள் நல்லவர்தானே, சின்னம்மா?"

"ஓம். நல்ல மனுசன்."

"பிறகேன் கூடாதெண்டு சொன்னனீங்கள்?"

அவர் என் பின்னலை அவிழ்த்தார். நன்றாக இருந்த பின்னலைத்தான். திரும்ப இறுக்கிப் பின்னிவிட்டார்.

பிறகு நடந்ததைச் சொல்லாவிட்டால் விடமாட்டீர்கள். அம்மா பயந்தது போல ஒன்றும் ஆகவில்லை. பொம்பிளை வீட்டாரே எஞ்சினியர் மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம் என்று கதை பரவ, சின்னம்மாவின் மதிப்பு ஏறிவிட்டது. அப்படி வேண்டாமென்கிற பெண்ணிடம் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்தார்கள் போலும். சம்பந்தங்கள் தேடி வந்தன. இரண்டு வருடத்தில் ஸ்காபரோவிலேயே கல்யாணம் முடிந்தது. சின்னம்மாவைக் கட்டிய சின்னையா அமைதியான மனிதர், நல்லவர், இப்போது பக்கத்துப் பிக்கரிங்கில் இருக்கிறார்கள். அந்த அங்கிளும் தன் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டோம். கோயில் அன்ரி கொஞ்சக் காலம் யாரோடும் பேசாமல் இருந்தார். அந்தச் செய்தி கேட்ட அன்று அம்மா, "உனக்கு அண்டைக்கே உள்ளுக்கை ஏதோ பட்டிருக்கு. கடவுள்தான் காப்பாத்தினவர்" என்று சின்னம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "ஓம் அக்கா" என்றார் சின்னம்மா.

ஆனால் அந்தப் பயணத்தில் நான் மறக்காதது எல்லைப் பாலத்தைக் கடந்து கனடாப் பக்கத்துச் சாவடிக்கு வந்தபோது நடந்ததுதான். வரிசையில் நிற்கும்போது அப்பா பின்பக்கம் திரும்பி, "அவன் கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லவேணும். பொய் சொன்னாப் பிடிச்சு வைச்சிடுவினம்" என்று என்னை எச்சரித்தார். அம்மா கடைசி முறையாக மூக்கைத் துடைத்தார். இளம் அதிகாரி ஒருவர் கடவுச்சீட்டுகளை வாங்கிப் பார்த்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டார். சவானா, ஊர் பார்க்க என்றார் அப்பா. அதிகாரி குனிந்து உள்ளே பார்த்தார். அழுது சிவந்த அம்மாவின் கண், அப்பாவின் இறுகிய முகம். பிறகு பின்சீற்றைப் பார்த்து, பயணம் எப்படி இருந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். வெறும் மரியாதைக்குத்தான்.

இரண்டு நாளாகக் காருக்குள் வாயே திறக்காத சின்னம்மா, தன்னுடைய பக்டரி ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, மிகவும் அழகான ஊர், நான் அங்கே மிகவும் சந்தோசமாக இருந்தேன் என்று சொன்னார்.

அதிகாரி சிரித்துக் கையை அசைத்தார். கார் நகர்ந்தது. நான் சீற்றில் முழங்காலிட்டுப் பின்கண்ணாடி வழியாக அந்தச் சாவடியையே பார்த்துக்கொண்டு வந்தேன். சின்னம்மா இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிவிட்டாரே, எங்களைப் பிடிக்க யாராவது பின்னால் வருகிறார்களோ என்று ஸ்காபரோ வரும்வரை எனக்கு நெஞ்சு இடித்தது.